பேத்தி டாங்க், மாப்புள்ள ஹீலர்

இஞ்ச வா மனே, இப்புடிக் குந்து. அந்தப் போனைக் கொஞ்சம் கவுத்து வை. அது எங்கயும் ஓடிராது. ஓடினாலும் நம்மட ஊர்ல எவ்வளவு தூரம் ஓடும்? கிழக்கால கடல், மேற்கால வட்டை.

முந்தி ஒரு நாள் ராவு நடந்த சங்கதி ஒண்டு செல்லணும். மணி பதினொண்டரை இருக்கும். இஷா தொழுது, திண்டு, படுத்து, அரைத் தூக்கம். அந்நேரம் உள்ளறையில பேத்திட குரல். "மச்சான்! நான் மௌத்து! கெதியா எழுப்புங்க மச்சான்!"

என்ட ஈரல் விழுந்து போச்சி. சாரனை ஒரு கையில புடிச்சிக்கிட்டு ஓடினன். கதவத் தள்ளிப் பார்த்தா, மௌத்தான புள்ள குத்துக்கல்லுப் போலக் குந்தியிரிக்கா. காதுல ரெண்டு செரட்டையக் கவுத்தாப்போல ஒரு சாமான். பக்கத்துல மாப்புள்ள. அவன்ட காதுலயும் செரட்ட. ரெண்டு பேருக்கும் முன்னால ஆளுக்கொரு கொம்பியூட்டர். முழங்கையோட முழங்கை முட்டுது, ஆனா பறையிறது மைக்குல. "பொறு புள்ள, மானா முடிஞ்சிட்டு" எண்டு அவன் செல்றான்.

மானா ஆருடா? கடன் குடுக்கிறவனா?

மறுகாதான் வெளங்கிச்சி. மந்திரம் போடுற சக்திக்கு அதுதான் பேராம். அது முடிஞ்சா மௌத்தான ஆளை எழுப்ப ஏலாதாம். நான் ஒரு மூச்சு விட்டு, "இனி மௌத்தாகிறதெண்டா மெதுவா மௌத்தாகுங்க புள்ள, பக்கத்து வீட்டான் சந்தூக்கோட வந்திருவான்" எண்டு செல்லிப்போட்டு வந்து படுத்தன். தூக்கம் வரல்ல. சிரிப்பு வந்திச்சி.

விளையாட்டு யப்பான்காரன் செஞ்சது. பேரு ஃபைனல் ஃபேண்டஸி பதினாலு. ஃபைனல் எண்டா கடைசி எண்டு எனக்கும் தெரியும். கடைசி எண்டு பேரு வெச்சிக்கிட்டுப் பதினாலு வரைக்கும் வந்திட்டான். 2023ல பதினாறும் வந்திட்டாம். நம்மட கடைத்தெருவுல "இதுதான் கடைசித் தவணை காக்கா" எண்டு செல்றவனுக்கும் இவனுக்கும் என்ன வித்தியாசம்?

நீ சின்னப் பொடியன், இதெல்லாம் புதுசு எண்டு நினைக்கிறாய். கேளு. ஒரு குகைக்குள்ள நாலு பேரு போறாங்க. ஒருத்தர் முன்னுக்கு நிண்டு அடிய எல்லாம் வாங்குவார், அவர் டாங்க். ரெண்டு பேரு சுத்தி நிண்டு அடிப்பாங்க. ஒருத்தர் பின்னுக்கு நிண்டு காயத்துக்கு மருந்து போடுவார், அவர் ஹீலர். இவ்வளவுதான். எங்கட காலத்துல இதுக்குப் பேரு யானைக்காவல். வெள்ளாமை குடலையில நிக்கக்குள்ள யானை இறங்கும். ஒருத்தன் பந்தத்தோட முன்னுக்குப் போய்க் கத்துவான். ரெண்டு பேரு யானைவெடி கொளுத்துவாங்க. ஒருத்தன் வாடியில நெருப்பு அணையாமப் பார்த்துக்குவான். வித்தியாசம் ஒண்டுதான். வட்டைக்குள்ள மௌத்தானா ஆரும் எழுப்ப மாட்டான், எவ்வளவு மானா இருந்தாலும்.

இப்பதான் கதைட ருசியான இடம் வருது. எங்கட வீட்டுல டாங்க் ஆரு தெரியுமா? பேத்தி! கோடாலி ஒண்டு, அவள்ட உசரத்துக்கு. இரும்புச் சட்டை. பேய், பூதம், நாகம் எது வந்தாலும் முதல்ல பாயிறது அவதான். மாப்புள்ள பின்னுக்கு நிண்டு வெள்ளைச் சட்டையோட பொல்லு ஒண்ட ஆட்டி ஆட்டி மருந்து போடுறான். அவன்ட கண் ராட்சசன்ட மேல இல்ல. பொண்டாட்டிட உசிருக்கோடு எவ்வளவு குறையுது எண்டுதான் பார்த்துக்கிட்டே இரிக்கான்.

நான் கேட்டன், "தம்பி, இத நீங்களாத் தெரிஞ்செடுத்தீங்களா, தந்தாங்களா?" அவன் செல்றான், "இல்ல மூத்தாப்பா, தானா அப்புடி அமைஞ்சி."

அமையாம? நம்மட கரையில மாப்புள்ள எண்டா என்ன? கல்முனையில இருந்து பொத்துவில் மட்டும் விசாரிச்சிப் பாரு. பொண்டாட்டி வீட்டுக்குப் போறவன்தான் மாப்புள்ள. குடி தாய் வழி, வீடு பொம்புளப் புள்ளட பேர்ல. அவன் நிந்தவூர்ல இருந்து ஒரு பெட்டியும் ஒரு பாஸ்போட்டும் கொண்டுக்கிட்டு வந்தவன். வந்த நாள்ல இருந்து பின்னுக்கு நிண்டு காயத்துக்கு மருந்து போடுறதுதான் அவன்ட தொழில். மாமி முகம் சுழிச்சா ஒரு மருந்து, பேத்தி கதவ அடிச்சிச் சாத்தினா ஒரு மருந்து. நானும் அம்பது வருசம் அந்த உத்தியோகம் பார்த்தவன்தான். எங்கட ஊர்க் கதை யப்பான்காரனுக்கு எப்புடி மனே தெரிஞ்சிச்சி?

விளையாட்டுக்குள்ளயும் வீடு இரிக்கி. காணி வளவு குறைவு, ஆக்கள் கூட, அதால சீட்டுக் குலுக்கித்தான் குடுக்கிறானாம். இவங்களுக்கு ஒண்டு விழுந்திரிக்கி. ஆர்ட பேர்ல எண்டு நான் கேட்கல்ல. கேட்க என்ன இரிக்கி? ஆனா ஒரு சட்டம் மட்டும் எனக்குப் புடிச்சிச்சி. 45 நாள் ஒருத்தரும் உள்ளுக்குப் போகாட்டி அந்த வீட்ட இடிச்சிப்போடுவானாம். இந்தச் சட்டம் நம்மட ஊருக்கும் வந்தா எப்புடி இருக்கும்? வெளிநாட்டுக் காசுல மூணு மாடி கட்டி, மாபிள் பதிச்சி, கேட்டுக்குப் பூட்டுப் போட்டுப்போட்டுப் போய்க் கிடக்கிறானுகளே, அரைவாசி ஒழுங்கை வெட்டையாப் போயிரும். வெறும் விளையாட்டுக்காரனுக்குத் தெரியிது, ஆள் போகாத வீடு வீடில்ல எண்டு.

இத விடப் பெரிய கூத்து ஒண்டு இரிக்கி. காவின் எழுதி, வலீமா குடுத்து, ரெண்டாயிரம் பேருக்குச் சோறு போட்டு முடிச்ச சோடி மறுகாவும் அங்க போய்க் கலியாணம் முடிச்சிரிக்கி! 2014 கடைசியில இருந்து அந்த விளையாட்டுக்குள்ள கலியாண வழி தொறந்திரிக்காம். ஓசிக் கலியாணமும் இரிக்கி, தங்கம், பிளாட்டினம் எண்டு காசு கட்டிற கலியாணமும் இரிக்கி. ரெண்டு பேருக்கும் மோதிரம். அந்த மோதிரத்த அழுத்தினா புருசன் எங்க நிண்டாலும் பொண்டாட்டி அவன்ட பக்கத்துல போய் நிப்பா. காசு கட்டினா ரெண்டு பேரு ஏறிப்போற பெரிய கோழி ஒண்டும் குடுப்பானாம்.

நான் பேத்திக்கிட்ட ஒரு கேள்விதான் கேட்டன். "மஹர் எவ்வளவு புள்ள?" அவ யோசிச்சிப் பார்த்து, "மஹர் இல்ல மூத்தாப்பா, கம்பெனிக்குத்தான் காசு" எண்டா. அப்ப முடிச்சது ஆரு மனே? புள்ளைய மாப்புள்ள முடிச்சானா, இவங்க ரெண்டு பேரையும் கம்பெனிக்காரன் முடிச்சானா?

அந்த மோதிரம் மட்டும் நம்மட பொம்புளயளுக்குக் கிடைச்சிதெண்டு வை. கடைத்தெருவுல தேத்தண்ணிக் கடைக்குள்ள "நான் பள்ளியில இரிக்கன்" எண்டு போன்ல பொய் செல்றவனுக பாடு என்ன ஆகும்? பக்கத்துல வந்து நிப்பா. அல்லாஹ் காப்பாத்தணும்.

சிரிக்காத. தமிழ்நாட்டுல இதுக்கு மேல போயிட்டானுகள். கிருஷ்ணகிரிப் பக்கம் சிவலிங்கபுரம் எண்டு ஒரு சின்ன ஊரு. 2022 பெப்ரவரி 6, கொரோனாக் கெடுபிடிக்குள்ள ஒரு சோடி தாலி கட்டிச்சி ஊர்ல, வரவேற்பு வெச்சிச்சி மெட்டாவேர்ஸ்ல. ஹாரி பொட்டர் படிச்ச மந்திரப் பள்ளிக்கூடம் போல மண்டபம். ஆக்கள் எல்லாரும் அவனவன் வீட்டுல போனோட குந்தி, பொம்மை உருவத்துல போய்க் கலியாணம் கண்டாங்க. என்ட முதல் கேள்வி என்ன எண்டு உனக்குத் தெரியும். சோறு எங்க? சஹன் எங்க? ஆறு பேரு ஒரு சஹன்ல கை போட்டுத் திங்காட்டி அது கலியாணமா, கூட்டுறவுச் சங்கக் கூட்டமா?

ஆனா அதுல ஒரு விசயம் கேட்டு என்ட வாய் அடைச்சிச்சி. பொண்ணுட தகப்பன் முன்னமே மௌத்து. அவர்ட உருவத்தையும் செஞ்சி வாசல்ல நிப்பாட்டியிருந்தாங்களாம், வாறவங்கள வரவேற்க. மார்க்கத்துக்குச் சரியா பிழையா எண்டு மௌலவிமார்ட கேளு, என்ட்ட கேட்காத. இந்தக் கரையில 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு வாப்பா இல்லாமக் கலியாணம் முடிச்ச புள்ளைகள் எத்தின பேரு? அந்த ஒண்ட மட்டும் நான் நையாண்டி பண்ண மாட்டன். விடு.

எனக்கு எரிச்சல் வாறது விளையாட்டால இல்ல மனே. விளையாட்டுக்குக் கோட்டும் சூட்டும் போட்டுக் கூட்டி வாறானே, அவனாலதான். போன்ல ஒருத்தன் செல்றான், இது "குவாலிட்டி டைம்" ஆம். ரெண்டு பேரும் சேர்ந்து விளையாடினா தொடர்பாடல் வளருமாம், நம்பிக்கை வளருமாம், மோதல் முகாமைத்துவம் வளருமாம். ஏண்டா, பொண்டாட்டியோட சிரிச்சிக்கிட்டுக் குந்தியிருக்க உனக்கு ஒரு சான்றிதழ் வேணுமா? விளையாடுறன் எண்டு செல்ல வெக்கமா?

அமெரிக்காவுல பிரிகாம் யங் பல்கலைக்கழகத்துக்காரங்க 349 சோடியப் புடிச்சிக் கேட்டு 2012ல கட்டுரை போட்டிரிக்காங்க. வெளங்கினது இது. புருசன் விளையாட, பொண்டாட்டி பார்த்துக்கிட்டுக் கிடக்கிற வீட்டுல சண்டை. அப்புடிக் கிடக்கிறவங்கள்ல 75 வீதம் பேரு, இந்த ஆளு விளையாட்டுக் கூட்டத்துக்குப் படுற பாட்டக் கொஞ்சம் குடும்பத்துக்குப் படக்கூடாதா எண்டிரிக்காங்க. ரெண்டு பேரும் சேர்ந்து விளையாடுற வீட்டுல 76 வீதம் பேரு, நல்லாத்தான் இரிக்கி எண்டிரிக்காங்க. கெடுக்கிறது எத்தின மணித்தியாலம் விளையாடுறாங்க எண்டது இல்லையாம். அதால வாற வாய்ச்சண்டையும், ஒருத்தர் படுக்க ஒருத்தர் முழிச்சிருக்கிறதும்தானாம். இத அவங்க 349 வீட்டுல கேட்டிரிக்காங்க. என்ட உம்மா ஒரு வீட்டுலயும் கேட்காமலே, "பாய் ரெண்டு நேரத்துல விரிச்சா வீடு ரெண்டாப் போகும்" எண்டு செல்லிப்போட்டு மௌத்தாப் போனா. அவவுக்கு ஆரும் பட்டம் குடுக்கல்ல.

இந்த விளையாட்டுட மூத்தாப்பா ஆரெண்டு மாப்புள்ளைக்கிட்ட கேட்டன். 1978ல இங்கிலாந்துல எசெக்ஸ் பல்கலைக்கழகத்துல ராய் ட்ரப்ஷா, ரிச்சர்ட் பார்ட்டில் எண்டு ரெண்டு மாணவர்கள் செஞ்சதாம். படம் இல்ல, நிறம் இல்ல, வெறும் எழுத்துத்தான். நீ ஒரு குகையில நிக்கிறாய், வடக்கால ஒரு வழி, எண்டு எழுத்து வரும். மிச்சத்த நீயே மனசுல கண்டுக்கணும்.

1978 எண்டதும் எனக்குப் பிரிச்சி எடுத்தாப்போல ஞாபகம் வந்திட்டு. உங்களுக்கு நவம்பர் 23 எண்டா என்ன? மாப்புள்ளைக்கு அது வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட் எண்ட இன்னொரு விளையாட்டு 2004ல வெளிவந்த நாளாம், நெஞ்சுல கைய வெச்சிச் செல்றான். எங்களுக்கு நவம்பர் 23 எண்டா 1978 சூறாவளி. தென்னை எல்லாம் தலையில்லாம நிண்டிச்சி. கூரைத் தகரம் வானத்துல பறந்திச்சி. அதுக்குப் பிறகு மாசக்கணக்குல ராவு எண்டா ராவுதான், குப்பி விளக்கு மட்டும்.

எனக்கும் அவளுக்கும் அப்ப கலியாணம் முடிஞ்சி ரெண்டு வருசம். வேலை இல்ல, வெள்ளாமை இல்ல. தரையில கரியால கட்டம் கீறி, சோகி போட்டுத் தாயம் விளையாடினம். நான் நேர்மையா விளையாடினன். அவ ஒரு சோகியத் தொடைக்குக் கீழ ஒழிச்சி வெச்சிருப்பா. கேட்டா, "நான் ராணி, ராணிட சோகிய எண்ண நீங்க ஆரு?" எண்டுவா. பகல்ல என்ட முகத்தப் பார்த்துப் பறைய வெக்கப்படுற மனிசி, கட்டத்துக்கு முன்னால குந்தினா ராணி. நான் குடிமகன். பகல்ல கேட்க ஏலாததெல்லாம் ராணி கேட்பா. "அரண்மனைக்குக் கூரை எப்ப வரும்?" எண்டு ஒரு ராவு கேட்டா. அடுத்த கிழமை எப்புடியோ தகரம் வாங்கிப் போட்டன். ராணிட உத்தரவு எண்டபடியா எனக்கு ரோசமும் வரல்ல, அவவுக்குக் கெஞ்சின மாதிரியும் இல்ல.

வேசம் போடுறதுட வேலையே அதுதான் மனே. இது இண்டைக்கு வந்ததெண்டு நினைக்காத. களவெட்டியில சூடு மிதிக்கக்குள்ள நெல்ல நெல்லெண்டு செல்லப்படாது, பொலி எண்டு செல்லணும். கடகத்தப் பெருவாயன் எண்டணும். தெரியாமக் "கடகத்த எடு" எண்டு செல்லிப்பாரு, போடியார் முழியப் புடுங்கிருவார். வரம்பத் தாண்டிக் களத்துக்குள்ள கால் வெச்சா வேற பாசை, வேற ஆள். பாண்டிருப்புல திரௌபதை அம்மன் கோயில்ல 18 நாள் திருவிழா. நேத்து மட்டும் நம்மளோட சந்தையில பேரம் பேசின மனிசன் அந்த நாள்ல பாண்டவர்ல ஒருத்தரா வனவாசம் போவார். சின்ன வயசுல வேலிக்கு இஞ்சால நிண்டு நாங்களும் பார்த்திரிக்கம். கண்ணகி கோயில் ஊர்கள்ல கொம்பு முறிக்கிற விளையாட்டு கேள்விப்பட்டிரிக்கியா? ஊரே ரெண்டாப் பிரியும். வடசேரி கோவலன்ட கட்சி, தென்சேரி கண்ணகிட கட்சி. வைரமான கட்டையில செஞ்ச ரெண்டு கொம்பக் கொழுவி வடம் கட்டி இழுப்பாங்க. புருசன் பக்கம் ஒண்டு, பொண்டாட்டி பக்கம் ஒண்டு, முறியிறது ஆர்ட கொம்பு எண்டு பார்ப்பம் எண்டு! எந்தப் பல்கலைக்கழகத்துக்காரனாவது அதுக்கு மோதல் முகாமைத்துவம் எண்டு பேரு வெச்சானா?

சரி, காக்கா இது மார்க்கத்துக்கு ஒத்து வருமா எண்டு நீ கேட்பாய். கேட்காட்டியும் உன்ட முகம் கேட்குது. எங்கட நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம், பயணம் ஒண்டுல கூட வந்தவங்கள முன்னுக்குப் போங்க எண்டு அனுப்பிப்போட்டு, ஆயிஷா நாயகியோட ஓட்டப் போட்டி வெச்சிரிக்காங்க. ஆயிஷா நாயகி ஜெயிச்சாங்க. காலம் போய், அவங்களுக்கு உடம்பு கொஞ்சம் போட்ட பிறகு, மறுகா ஒருக்கா ஓடினாங்க. இந்த முறை நாயகம் ஜெயிச்சி, அதுக்கு இது சரி எண்டு சிரிச்சிரிக்காங்க. கவனிச்சியா? தோத்தத ஞாபகத்துல வெச்சிருந்து, சிரிப்போட ஈடு கட்டியிரிக்காங்க. நீ என்ன செய்றாய்? ஒரு குகையில தோத்தா, "உன்னாலதான், நீ மருந்து போடல்ல" எண்டு மூணு நாள் முகத்தத் தூக்கி வெச்சிக்கிட்டுத் திரியிறாய்.

ஒண்டு கேட்கிறன், மறைக்காமச் செல்லு. ராட்சசன் கிட்ட வரக்குள்ள "பொறு, நான் வாறன்" எண்டு பொண்டாட்டிக்கிட்ட செல்றாயே, அடுப்புல பால் பொங்கக்குள்ள ஏன் அந்தச் சொல் வாயில வருதில்ல? அங்க ஒரு பொத்தான அழுத்தி நன்றி செல்றாய், தலை குனியிறாய், கை தட்டுறாய். இஞ்ச சோத்துக் கோப்பைய முன்னால வெச்சா நிமிந்தும் பார்க்கிறதில்ல. அங்க அவள்ட உசிருக்கோடு பச்சையா சிவப்பா எண்டு கண் வெட்டாமப் பார்க்கிறாய். இஞ்ச அவளுக்கு மூணு நாளாத் தலையிடி. கோடு தலைக்கு மேல தெரியாததால உனக்கு வெளங்கல்ல, அப்புடித்தானே?

எல்லாருக்கும் ஒரே அளவுகோல் வைக்கவும் ஏலாது. ஒழுங்கை முனையில ஒரு புள்ள இரிக்கி. புருசன் கட்டார்ல. அவனுக்கு ஒம்பதரை எண்டா இஞ்ச பன்னிரண்டு. அந்நேரம் ரெண்டு பேரும் விளையாட்டுக்குள்ள சந்திப்பாங்களாம். ராட்சசனும் இல்ல, சண்டையும் இல்ல. அந்தப் பெரிய கோழியில ஏறி ஒரு கடற்கரைக்குப் போய்ச் சும்மா குந்தியிருப்பாங்களாம். எங்கட காலத்துல சவூதிக்குப் போனவனுகள் கசட்டுல பேசி அனுப்புவானுகள். வீட்டுல எல்லாரும் வட்டமாக் குந்திக் கேட்போம். அதுல பொண்டாட்டிக்கு எண்டு அவன் என்னத்தச் செல்ல ஏலும்? "அவ சுகமா" எண்டு ஒரு சொல். அந்த ஒரு சொல்லுக்காக அவ அடுப்படியில நிண்டு கசட்டத் திருப்பித் திருப்பிப் போடுவா. இப்ப ரெண்டு பேருக்கு ஒரு கடற்கரை கிடைச்சிரிக்கி. உப்புக் காத்து இல்லாத கடற்கரைதான். பரவாயில்ல.

2022ல கரண்ட் பதிமூணு மணித்தியாலம் நிண்டிச்சே, ஞாபகம் இரிக்கா? அப்ப எங்கட வீட்டு டாங்கும் ஹீலரும் திண்ணையில வந்து குந்தினாங்க. புதுசாக் கலியாணம் முடிச்ச நேரம். முதல் நாள் ரெண்டு பேரும் செத்த பேட்டரியப் பார்க்கிறாப்போல முகத்த முகம் பார்த்தாங்க. ரெண்டாம் நாள் நான் கரித்துண்டு எடுத்துக் கட்டம் கீறிக் குடுத்தன். சோகி மூத்தம்மாட பழைய டப்பாவுல இருந்திச்சி. கொஞ்ச நேரத்துல பேத்தி ஒரு சோகியத் தொடைக்குக் கீழ ஒழிக்கிறாள். ஆரும் சொல்லிக் குடுக்கல்ல, அல்லாஹ் அறிய. அந்த மாப்புள்ள கண்டான். கண்டும் காணாத மாதிரி இருந்தான். அண்டைக்கே நினைச்சன், இவன் தேறுவான் எண்டு.

என்ன, நேரமாகுதா? போன கிழமை பேத்தி எனக்கும் ஒரு ஆள் செஞ்சி தந்திரிக்கா. வெள்ளத் தாடி, என்டத விட நீளம். கோடாலி வேணாம், பொல்லு வேணாம் எண்டன். அந்த விளையாட்டுல மீன் புடிக்கிறதும் ஒரு தொழிலாம், தூண்டில் தந்தா. கரைவலை இல்லையா எண்டு கேட்டன். இல்லையாம், தனியாள் தூண்டில்தான். தண்டயலும் இல்ல, பாட்டும் இல்ல, என்ன கடல் அது? எண்டாலும் ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா ஆழ்கடலுக்கு ஒரு கப்பல் வெளிக்கிடும். நான் தூண்டில் போடுவன், பேத்தி பக்கத்துல நிண்டு மீன் பேர் செல்லுவா, மாப்புள்ள எழும்பிப் போய் மூணு பேருக்கும் பிளேன்டீ ஊத்திக்கிட்டு வருவான். எனக்குச் சீனி வருத்தம். பேத்தி செரட்டையக் காதுல மாட்டினதும் அவன் என்ட கோப்பையில அரைக் கரண்டி கூடப் போட்டுருவான். ஹீலர் எண்டா அவன்தான் ஹீலர்.

அந்தப் போன நிமித்து மனே, மணி எத்தின எண்டு பாரு. அந்தக் கப்பல் ஆருக்கும் நிக்காது.